தறிக் கப்பியும் சிற்பமும்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட நம்மவர் முன்னிலையில், கடல் கடந்த நாட்டு நெசவாளரைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் என்னும் நாடு உளது. அங்கு பாவுலே, குரோ என்னும் இனத்தாருள் தறியில் அமர்பவர் ஆடவரே. ஒரு சாணுக்கும் குறைந்த அகலமுள்ள நீண்ட பட்டைகளை நெய்து, ஓரத்தோடு ஓரம் தைத்துப் போர்வையாக்குவர். நம் குழித்தறியிற் போலவே அங்கும் விழுதுகள் இரண்டு. கப்பியின்மேல் ஓடும் கயிறு அவ்விரண்டையும் இணைக்கும். காலால் ஒன்றை இறக்க, மற்றொன்று எழும். பாவு பிரிந்து ஊடைக்கு வழிவிடும்.

அக்கப்பியின் மரச்சட்டமே என் பேச்சின் பொருள். கவட்டை போன்ற இரு கால்கள்; இடையே ஓர் உருளை; உயரம் ஏறக்குறைய ஒரு சாண். வேலைக்கு இவ்வளவே போதும். ஆயினும் கால்கள் கூடுமிடத்தில் அந்நாட்டுச் சிற்பி ஒரு முகத்தைச் செதுக்கினான். வாரி முடித்த கூந்தலும் தாழ்ந்த இமைகளும் அதில் விளங்கும். சிலவற்றில் பறவையும் ஆட்டுக்கடாவும் உண்டு. நாள் முழுதும் நெய்பவன் கண்ணெதிரே தொங்குவதாகலின், அவன் கண்குளிரவே அவை செய்யப்பட்டன என்பர். அம்முகத்தால் துணியில் ஓரிழையும் கூடாது. நெய்பவன் மனம் தளராதிருக்கும் என்றே கருதுகின்றேன்.

இன்று அவற்றுள் பல பாரீஸ், நியூயார்க் நகரங்களின் காட்சிச்சாலைகளில் கண்ணாடிக்குள் நிற்கின்றன. செதுக்கியவன் பெயரோ, நெய்தவன் பெயரோ பெரும்பாலானவற்றில் இல்லை. பொருள் பிழைத்தது, மனிதன் மறைந்தான்.

நம் நிலை யாது? நம்மிடம் பொருளும் பிழைக்கவில்லை. விசைத்தறி வந்தபின் எத்தனை இல்லங்களில் படைமரமும் ஓடமும் ராட்டையும் அடுப்பிற்கு இரையாயின! அவற்றில் சிற்பம் இல்லாதிருக்கலாம். முன்னோர் கைபட்டு ஏறிய வழவழப்பு உண்டன்றோ?

ஆதலின், எஞ்சியுள்ள கருவி ஒன்றையேனும் சங்கத்திடம் ஒப்படையுங்கள். அதைக் கையாண்டவர் பெயர், ஊர், நெய்த துணியின் வகை ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதித் தாருங்கள். தார் சுற்றிய நம் தாய்மார் பெயரையும் மறவாதீர்கள்.