கூட்டத்தில் சக்கரக் காலணி



குழந்தைகள் காலில் சக்கரம் பூட்டிக்கொண்டு, கூட்டம் மிகுந்த பொது இடங்களில் உலவலாமா என்பதே இன்று நாம் ஆராயப்போகும் பொருள். நாட்டில் எத்தனையோ பெரிய சிக்கல்கள் இருக்க, காலணியைப் பற்றி வானொலியில் ஒரு பேச்சா என்று சிலர் வியக்கக்கூடும். ஆனால், ஒருவருடைய இன்பமும் மற்றொருவருடைய பாதுகாப்பும் ஒரே தெருவில் எதிர்ப்படும்போது யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்னும் கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது. அக்கேள்வி சிறியதன்று, குடிமைப் பண்பின் அடிப்படையே அதுதான்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். காலில் அணியும் சக்கரங்கள் இருவகை. ஒன்று, ஸ்கேட்டிங் என்னும் விளையாட்டுக்கு உரியது; அடிப்பகுதி முழுவதும் சக்கரங்கள் இருக்கும். மற்றொன்று, பார்வைக்கு வெறும் காலணி. குதிகாலில் மட்டும் சக்கரம் மறைந்திருக்கும். நடக்க விரும்பினால் நடக்கலாம். முன்பாதத்தைத் தூக்கிக் குதிகாலில் நின்றால் உருண்டு செல்லலாம். 2000ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவில் ரோஜர் ஆடம்ஸ் என்பவர் ஹீலீஸ் என்னும் பெயரில் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதல் வகையை அணிந்தவனைக் கண்டால் வழிப்போக்கர் விலகிக்கொள்வர். இரண்டாம் வகையை அணிந்தவனோ நடந்து வருபவனாகவே தோன்றுவான்; உருளத் தொடங்கிய பின்னரே உண்மை வெளிப்படும்.

இச்சக்கரங்களைப் பழிப்பது என் நோக்கமன்று. உடலைச் சமன்செய்து நிற்கவும், கண்ணும் காலும் ஒத்து இயங்கவும் இவ்விளையாட்டு நன்கு பயிற்றுகிறது. 2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், 3000 மீட்டர் தொடர் ஸ்கேட்டிங்கில் இந்தியாவின் ஆடவர் அணியும் மகளிர் அணியும் வெண்கலப் பதக்கம் வென்றன. சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமாரும் ஆரத்தி கஸ்தூரிராஜும் அவ்வணிகளில் இடம்பெற்றிருந்தனர். அதே ஆனந்த்குமார் 2025ஆம் ஆண்டு சீனாவில் நடந்த உலகப் போட்டியில் 1000 மீட்டர் பந்தயத்தில் தங்கம் வென்று, இவ்விளையாட்டில் உலக வாகையர் ஆன முதல் இந்தியர் என்னும் பெருமையைப் பெற்றார். தமிழ் மாணவர் ஒருவர் காலில் சக்கரம் அணிந்து உலகை வென்றார் என்றால், அச்சக்கரத்தை எவ்வாறு இகழ முடியும்? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் வென்றது அதற்கென அமைத்த தளத்தில், தலைக்கவசம் அணிந்து, உடன் வருவோர் அனைவரும் சக்கரத்தில் வருவோரே என்று அறிந்த நிலையில். சக்கரத்தின் பெருமை பாதி என்றால், இடத்தின் பெருமை மறுபாதி.

இவ்வுண்மையை உலகம் சற்றுக் கடினமான வழியிலேயே கற்றது. 18ஆம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் ஜான் ஜோசப் மெர்லின் என்றொரு வல்லுநர் இருந்தார். இசைக்கருவிகளும் விந்தைப் பொறிகளும் செய்வதில் கைதேர்ந்தவர். அவர் காலணியில் சக்கரங்களைப் பொருத்திக்கொண்டு, வயலின் வாசித்தவாறே, மாளிகை ஒன்றில் கூடியிருந்த விருந்தினர் நடுவே உருண்டு வந்தாராம். காண்போர் வியந்தனர். ஆனால் அச்சக்கரங்களை நிறுத்தவும் திருப்பவும் வழி இல்லை. நேரே சென்று விலையுயர்ந்த நிலைக்கண்ணாடி ஒன்றில் மோதினார். கண்ணாடியும் வயலினும் நொறுங்கின; அவரும் காயமுற்றார் என்பது பழைய நூல்கள் சொல்லும் செய்தி. கூட்டத்தில் சக்கரக் காலணி என்னும் நம் பொருளுக்கு இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை.

ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்தன. 1863ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிளிம்ப்டன் என்னும் அமெரிக்கர், உடலைச் சாய்த்தால் அப்பக்கம் திரும்பும் சக்கரக் காலணியை அமைத்தார். அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. உருள்வதற்கென்றே தனித் தளங்களையும் ஏற்படுத்தினார். கருவியைத் திருத்தியவர் அதற்கு உரிய இடத்தையும் தேடிக் கொடுத்தார். அதன் பின்னரே இவ்விளையாட்டு நாடெங்கும் பரவிச் சிறந்தது.

கூட்டத்தில் சக்கரம் ஏன் ஆகாது என்பதை இயற்பியல் மாணவர் எளிதில் விளங்கிக்கொள்வர். நடப்பவன் ஒரு காலை ஊன்றி நொடிப்பொழுதில் நின்றுவிடலாம், பக்கவாட்டில் ஒதுங்கலாம். குதிகாலில் உருள்பவனுக்கு அவ்வசதி குறைவு. மேலும், இயங்கும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். நடைவேகத்தைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் ஒரு சிறுவன் உருண்டால், அவன் மோதும் ஆற்றல் மூன்று மடங்கன்று, ஒன்பது மடங்கு. பத்து வயதுப் பிள்ளையின் உயரத்தையும் எண்ணிப் பாருங்கள். கூட்டத்தில் அவன் காண்பது பெரியவர்களின் முதுகுகளையே. எதிரே வருவது என்ன என்று அவனுக்கும் தெரியாது. அவன் வருவது எதிரே உள்ளவர்களுக்கும் தெரியாது.

குதிகாலில் நிற்பவன் நிலைதடுமாறினால் பின்புறம் சாய்வான். விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு, முறிவது மணிக்கட்டு. அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் 2006ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையின் பத்து வாரங்களில், குழந்தைகள் மருத்துவமனை ஒன்றிற்கு இவ்வகைச் சக்கரங்களால் காயமுற்று வந்த பிள்ளைகள் 67 பேர் என்று மருத்துவர்கள் பதிவு செய்தனர். கையிலும் மணிக்கட்டிலும் பட்ட அடிகளே மிகுதி. இது பிள்ளைகளுக்கு நேர்ந்தது. பிள்ளையின் எலும்பு சில வாரங்களில் கூடிவிடும். அவன் மோதியதால் எழுபது வயது மூதாட்டி ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் நிலைமை வேறு. அவர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேரும். பலர் முன்போல் எழுந்து நடமாடுவதே இல்லை. சிறுவனின் அரை நிமிட இன்பத்திற்கு, அதில் பங்கு பெறாத ஒருவர் தம் எஞ்சிய நாள்களை விலையாகக் கொடுப்பது முறையாகுமா?

இப்போது நம் ஊருக்கு வருவோம். விருதுநகர்த் தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள கடைவீதியை நினைத்துக்கொள்ளுங்கள். பருப்பு மூட்டையை முதுகில் சுமந்து குனிந்து வரும் தொழிலாளி, தம் காலடியில் உள்ள நிலத்தைத் தவிர வேறொன்றையும் காண இயலாது. பங்குனிப் பொங்கல் நாளில் பராசக்தி மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்ட மக்கள், எரியும் அக்கினிச் சட்டியைக் கையில் ஏந்தித் தெருவெங்கும் வருகின்றனர். அந்தக் கூட்டத்தில் சக்கரக் காலணியோடு ஒரு பிள்ளை உருண்டு வந்தால் என்ன நேரும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. தைக்கவும் பொறுக்கவும் முடியாத இழப்புகள் உலகில் உண்டு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் ஓடுகிறது. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கின்றனர். கண்கள் எல்லாம் தேரின் உச்சியையே நோக்கும். ஆனால் கீழே, சக்கரத்தின் அருகே, முட்டுக்கட்டையோடு சிலர் நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டின் தேர்கள் பலவற்றில் இன்று இரும்புச் சக்கரங்களும் இயந்திரத் தடைகளும் வந்துவிட்டன. ஆயினும் கருத்து ஒன்றே. கூட்டத்தின் நடுவே சக்கரம் உருள வேண்டுமானால், அதனை நிறுத்த வல்லவர் அருகில் இருக்க வேண்டும். மக்களும் அது வருவதை அறிந்து ஒதுங்க வேண்டும். குதிகாலில் மறைந்த சக்கரத்திற்கு இவ்விரண்டும் இல்லை.

சிவகாசி வட்டாரத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இன்னொரு பாடமும் உண்டு. பட்டாசு ஆலைகள் ஒரே பெருங்கட்டடமாக இல்லாமல் சிறுசிறு அறைகளாகத் தள்ளித் தள்ளி நிற்பதை அவர்கள் கண்டிருப்பர். மருந்து கையாளும் அறையில் நால்வருக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி. ஓரிடத்தில் தீங்கு நேர்ந்தால் மற்றோரிடத்திற்குப் பரவாமல் காப்பது இடைவெளி ஒன்றே. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை தீப்பற்றியபோது ஏறத்தாழ 40 உயிர்கள் மாண்டன. அவர்களுள் பலர் அங்கு வேலை செய்தவர் அல்லர். உதவி செய்யவும் என்னவென்று காணவும் ஓடிச்சென்று திரண்ட ஊரார். சக்கரக் காலணியையும் வெடிமருந்தையும் நான் ஒன்றாக்கவில்லை. ஓரிடத்தில் தீங்கற்ற செயல் கூட்டம் கூடியவுடன் தன்மை மாறிவிடும் என்பதையும், இடைவெளி என்பது உயிர்காக்கும் பொருள் என்பதையும் நம் மண் பெரும் விலை கொடுத்துக் கற்றது. அக்கல்வியைச் சிறிய செயல்களிலும் கைக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அப்படியானால் தடை விதித்துவிட்டால் போதுமா? போதாது. ஒரு செயலை விலக்கினால் அதற்குரிய காரணத்தையும், அதற்கு ஈடான வேறொன்றையும் மாணவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தனர். பல்லாண்டு வகுப்பறையில் பணியாற்றிய பின் அது மெய் என்றே கூறுவேன். படிக்கட்டில் ஓடாதே என்று மட்டும் சொன்னால், ஆசிரியர் தலை மறைந்ததும் பிள்ளைகள் ஓடுவர். ஓடுவதற்கு மைதானத்தையும் திறந்துவிட்டால், படிக்கட்டில் நடப்பர்.

அதிலும், இம்மாவட்டத்துப் பெரியோர் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிப் பேசும்போது தனிப் பொறுப்போடு பேச வேண்டும். தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் தொழிலில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் தங்கள் பிள்ளைப்பருவத்தை இழந்தனர். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளரைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு அமர்த்திய முதலாளி, ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்று அது ஆணையிட்டது. விளையாட்டு குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கை 31ஆம் பிரிவில் கூறுகிறது. இந்தியா 1992இல் அதனை ஏற்றது. இவ்வாறு அரிதில் மீட்ட பிள்ளைப்பருவத்தை நாமே, இங்கே ஓடாதே, அங்கே ஆடாதே என்று சுருக்கிவிடலாகாது. தெருவெல்லாம் வண்டிகள் நிறைந்துவிட்டன. வீட்டு முற்றங்கள் மறைந்துவிட்டன. இடம் கிடைக்காத பிள்ளை கடைவீதியில் உருள்கிறான் என்றால், குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.

ஆதலின், பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். பள்ளிகளில் சிமெண்டுத் தளம் உண்டு. மாலையில் அது வெறுமையாகக் கிடக்கிறது. ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் வாரம் இரண்டு மாலை அதனைத் திறந்துவிடலாம். நகராட்சிப் பூங்காவில் ஒரு மூலையைச் சமன்செய்து கொடுக்கலாம். காலணி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் தலைக்கவசத்தையும் மணிக்கட்டுக் காப்பையும் சேர்த்தே வாங்கட்டும். இரண்டையும் வாங்க இயலாதபோது சக்கரத்தை ஒத்திப்போடட்டும்.

மாணவர்களே, உங்களுக்குச் சில சொற்கள். புதிதாகக் கற்கும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, சமமான திறந்தவெளியில் கற்றுக்கொள்ளுங்கள். உருளக் கற்பதற்கு முன் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். கடைவீதி, கோயில், மருத்துவமனை, பேருந்து நிலையம், திருவிழா ஆகிய இடங்களில் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். கழற்ற இயலாத காலணியானால் வேறு காலணி அணிந்து செல்லுங்கள். தொடர்வண்டி நிலைய நடைமேடையில் அதனை நினைக்கவே வேண்டா. அங்கே சில அடி தொலைவில் தண்டவாளம் இருக்கிறது. தவறி ஒருவர்மேல் மோதிவிட்டால் ஓடி மறையாமல் நின்று, அவரை எழுப்பி, அவர் வீட்டாரிடம் சேர்ப்பியுங்கள்.

ஐயம் எழுந்தால் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே நான் திடீரென நிற்க முடியாவிட்டால், அதன் துன்பம் எனக்கு மட்டுமா, பிறருக்குமா? எனக்கு மட்டும் என்றால் துணிவோடு, காப்போடு, விளையாடுங்கள். பிறருக்கும் என்றால் நடந்து செல்லுங்கள். விளையாட்டு வினையாகும் என்று நம் முன்னோர் சொன்னது விளையாட்டை வெறுத்தன்று. வினையாகாத இடத்தில் விளையாட வேண்டும் என்பதற்கே. திறந்த தளத்தில் காற்றாய் உருளுங்கள். கூட்டத்தில் மனிதரோடு மனிதராய் நடந்து வாருங்கள்.