படத்தைப் பார்த்துப் பணம் கொடுக்கலாமா?



கிரிப்டோ உலகில் பலருக்குப் பெயர் இல்லை. ஒரு படமே முகம். 2017இல் லார்வா லேப்ஸ் வெளியிட்ட 'கிரிப்டோபங்க்ஸ்' பொம்மை முகங்கள் 10,000. முதலில் இலவசம், பிறகு சில கோடிக்கணக்கில் விலைபோயின. படம் எந்த வாலட்டுக்குச் சொந்தம் என்பதை பிளாக்செயின் பதிவேடு காட்டும். அந்த வாலட்காரர் நாணயமானவரா என்பதைக் காட்டாது.

2022 ஏப்ரலில் 'போர்டு ஏப்' குரங்குப் படங்களின் இன்ஸ்டாகிராம் கணக்கையே திருடர்கள் கைப்பற்றி, பொய் இணைப்பு கொடுத்து, நம்பியவர்களின் படங்களைக் கவர்ந்தார்கள். முறையிட அங்கே வங்கி மேலாளர் கிடையாது.

ஆளை விசாரித்துக் கொடுக்கல் வாங்கல் செய்வதே நம் வழக்கம். முகம் தெரியாதவருக்குப் பணம் அனுப்பக் கூடாது, வாலட்டின் ரகசியச் சொற்களை எவருக்கும் சொல்லக் கூடாது என்று நம் பிள்ளைகளிடம் இன்றே பேசுவோம்.