இன்னும் 60 கிலோமீட்டர்: மிதிவண்டிப் பயண நிறைவு நாள் உரை

(சென்னையில் தொடங்கிய மிதிவண்டிப் பயணத்தின் நிறைவு நாளான இன்று காலை, வள்ளியூரில் பயணக் குழுவினரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

டீ ஆறிடும், குடிச்சுக்கிட்டே கேளுங்க.

ஏறக்குறைய 700 கிலோமீட்டர் பயணத்தில் மிச்சம் இருப்பது சுமார் 60. காவல்கிணறு விலக்கிலிருந்து நாலுவழிச் சாலையிலேயே நேரா போனா குமரிக்குச் சீக்கிரம் போயிடலாம். நாம அப்படிப் போகப்போறதில்லை. முப்பந்தல், ஆரல்வாய்மொழி, தோவாளை, நாகர்கோவில், சுசீந்திரம் வழியாப் போறோம். சுத்து வழிதான். ஆனா ஜனங்க இருக்கிற வழி.

இது ஆடி மாசம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து எப்படி இருக்கும்னு முப்பந்தல்ல நிக்கிற காத்தாடிகளைப் பார்த்தாலே தெரியும். அந்தக் காத்து நமக்கு எதிர்க்காத்து. அதோட மல்லுக்கட்டாதீங்க. ஒத்தை வரிசையா வாங்க. முன்னால போறவர் காத்தை வாங்கிக்குவார், பின்னால வர்றவருக்கு மிதி லேசா இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு ஒருத்தர் மாறி முன்னால வரணும். இளைஞரணித் தம்பிகளே, நீங்களே கடைசி வரைக்கும் முன்னால போறோம்னு அடம்பிடிக்காதீங்க. லாரி தாண்டும்போது காத்து சட்டுனு நின்னு மறுபடி அடிக்கும், வண்டி ஆடும். ஹேண்டிலை ரெண்டு கையாலயும் பிடிங்க. செல்ஃபி எல்லாம் குமரியில.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

இத்தனை நாளா நாம கொடியோட, முன்னாலயும் பின்னாலயும் வண்டி வர, பாதுகாப்பா வந்தோம். ஆனா தினமும் அதே சாலையில நம்மள மாதிரி இல்லாம தனியாப் போறவங்களைப் பார்த்தோம். பால் கேன் கட்டிக்கிட்டுப் போற பெரியவர், விடியக்காலை வேலைக்குப் போற கட்டடத் தொழிலாளி, பள்ளிக்கூடப் பிள்ளைங்க. பல இடத்துல சர்வீஸ் ரோடு பாதியிலேயே முடிஞ்சுடுது. அதுக்கப்புறம் அந்தப் பிள்ளை எங்க போகணும்? பஸ்ஸும் லாரியும் பறக்கிற ரோட்டுலதான் ஏறணும்.

தமிழ்நாட்டுல பள்ளி மாணவிகளுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்க ஆரம்பிச்சது 2001-02ல். பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்குன்னு தொடங்கி, பிறகு மற்ற மாணவர்களுக்கும் விரிஞ்சது. யார் ஆட்சியில யார் கொடுத்தாங்கங்கிற சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும், நல்ல திட்டம். நம்ம கேள்வி ஒண்ணுதான்: சைக்கிள் கொடுத்தாச்சு, அதை ஓட்ட ரோடு எங்கே?

விராலிமலை வழியா வந்தோமே, அது புதுக்கோட்டை மாவட்டம். 1990களின் தொடக்கத்துல அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்துக் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோட சைக்கிளும் கத்துக்கொடுத்தது. விவசாயக் கூலிப் பெண்கள், குவாரித் தொழிலாளிகள், செவிலியர்கள்னு ஆயிரக்கணக்கான பேர் ஓட்டினாங்க. கேலி பேசினவங்க பேசிட்டே இருந்தாங்க, அவங்க பாட்டுக்கு மிதிச்சுட்டே போனாங்க. பஸ்ஸுக்கும், கூட்டிட்டுப் போக ஆம்பளைக்கும் காத்திருக்க வேண்டாம்னு ஆச்சு பாருங்க, அதுதான் பெரிய விஷயம்.

இன்னைக்கு மதியம் நாம கடக்கப்போற சுசீந்திரத்துல, கோயிலைச் சுத்தி இருக்கிற தெருவுல நடக்கவே உரிமை கேட்டு 1926ல் சத்தியாகிரகம் நடந்தது. தேர் ஓடுற வீதி, ஆனா ஒடுக்கப்பட்ட சாதிக்காரன் நடக்கக்கூடாது. திருவிதாங்கூரில் கோயில் கதவே திறந்தது 1936ல்தான். ரோடு யாருக்குங்கிற கேள்வி இந்த மண்ணுக்குப் புதுசு இல்ல. அங்கே ரெண்டு நிமிஷம் இறங்கி வண்டியைத் தள்ளிக்கிட்டே நடப்போம். கோஷம் வேண்டாம்.

வழியெல்லாம் ஊர் ஊரா எழுதி வாங்கின மனுக்கள் பையில இருக்கு. இதை ஒரே கட்டா மேடையில கொடுத்துப் படம் எடுத்துட்டு முடிச்சுடக்கூடாது. மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர். அந்தந்த மாவட்டத்து மனு அந்தந்த ஆட்சியர்கிட்ட போகணும். தேசிய நெடுஞ்சாலை சம்பந்தப்பட்டது நெடுஞ்சாலை ஆணையத்துக்குத் தனியாப் போகணும். ரெண்டுக்கும் ரசீது வாங்கணும்.

படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை. லைக் போட்டதோட நிக்காதீங்க. உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பக்கம் சைக்கிள் பிள்ளைங்க நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கிற இடம் எது, சர்வீஸ் ரோடு எங்கே அறுந்து நிக்குது, தெருவிளக்கு எரியாத வளைவு எது, இதைப் போய்ப் பார்த்து எழுதுங்க. ஊர்ப் பெயரும் கிலோமீட்டர் கல் எண்ணும் முக்கியம். பிள்ளைங்க முகம் தெரியிற படம் மட்டும் போடாதீங்க. ஒன்றியப் பொறுப்பாளர்கள் அதை மனுவாக்குவாங்க.

குமரியில சாயங்காலம் பொதுக்கூட்டம். வள்ளுவர் சிலை தெரியிற இடத்துல எல்லாரும் சேர்ந்து ஒரு படம், அவ்வளவுதான். ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் இருக்கிறவங்க வண்டியை எங்கே ஏத்துறதுன்னு பொருளாளர்கிட்ட இப்பவே கேட்டுக்குங்க.

பிரேக்கைப் பாருங்க, டயரை அமுக்கிப் பாருங்க. தண்ணி பாட்டிலை நிரப்பிக்குங்க. முதல் நிறுத்தம் பணகுடி. கிளம்பலாம்.