அரக்கர் எவ்வாறு பிறந்தனர்?

(வடகவுஞ்சியில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

கழகம் தன் வெள்ளி விழாவைக் கொண்டாடும் இந்நன்னாளில், புராணங்களில் வரும் அரக்கரும் அசுரரும் எவ்வாறு தோன்றினர் என்னும் பொருள் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். கல்வி விழாவிலே அரக்கர் கதை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். கோரைப் பல்லும் செம்பட்டை மயிரும் கொண்ட அரக்கன் குழந்தைகளை அச்சுறுத்தும் கற்பனைதானே என்பர். ஆனால், ஒரு கூட்டத்தாரை மனிதர் அல்லர் என்று சொல்லும் கதை, கதையோடு முடிந்துவிடுவதில்லை. அது வழக்கமாகிறது, சட்டமாகிறது, ஊருக்கு வெளியே ஒரு தனித் தெருவாகிறது. அத்தெருவில் பிறந்தவர்கள் நாம். ஆகவே, இக்கதைகளை ஆராயும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

நாம் கூடியிருக்கும் இம்மலையின் அடிவாரத்திலேயே ஓர் அசுரன் கோயில் கொண்டிருக்கிறான். பழனியில் இருக்கும் இடும்பனையே குறிப்பிடுகின்றோம். அகத்தியரின் ஏவலால் சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளையும் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்து வந்தான் இடும்பன்; பழனியில் இளைப்பாற இறக்கி வைத்தான்; மீண்டும் தூக்க இயலவில்லை; குன்றின்மேல் நின்ற சிறுவனாகிய முருகனோடு பொருது மாண்டான்; பின் உயிர் பெற்றுக் காவலனானான் என்பது தலபுராண வழக்கு. இன்றும் இடும்பனை வணங்கிவிட்டே முருகனை வணங்குதல் மரபாக இருக்கிறது. இக்கதையில் இடும்பன் செய்த குற்றம் யாது? சுமை சுமந்தான், களைத்தபோது இறக்கி வைத்தான். மோட்டார்ச் சாலை வருமுன் கோடைக்கானலுக்கு வெள்ளைக்காரத் துரைமாரும் அவர்தம் தட்டுமுட்டுப் பொருள்களும் சுமைகூலிகளின் தோளேறியே மலைக்கு வந்தன. மலையைத் தோளில் சுமந்தவனைக் கதை அசுரன் என்கிறது. ஆனால் அவன் தூக்கிய காவடியைத்தான் இலட்சக்கணக்கானோர் பக்தியோடு தூக்குகின்றனர்.

இனிச் சொற்களை ஆராய்வோம். 'அசுரர்' என்பது தொடக்கத்தில் வசைச்சொல் அன்று. இருக்கு வேதத்தின் பழைய பாடல்களில் வருணன் முதலிய தேவர்களே அசுரர் என்று போற்றப்படுகின்றனர். அதனோடு உறவுடைய 'அகுர' என்னும் சொல் பண்டைப் பாரசீகத்தில் கடவுளையே குறித்தது. 'தேவ' என்பதற்கு இனமான சொல்லே அங்குத் தீய சக்திகளைக் குறித்தது. ஒரு நாட்டில் தெய்வமாக இருப்பவர் மறு நாட்டில் பேயாகின்றனர். 'இராட்சசர்' என்னும் பெயருக்கு வான்மீகி இராமாயணத்தின் உத்தரகாண்டம் கூறும் விளக்கமும் அறியத்தக்கது. நீரையும் உயிர்களையும் படைத்த பிரமன் அவற்றைக் காக்கச் சொன்னபோது, 'காப்போம்' என்றவர் இராட்சசர் ஆயினர் என்பதே அவ்விளக்கம். காவலர் என்று பொருள்பட்ட பெயரே கொடியோர் என்று பொருள் திரிந்தது.

புராணங்களின்படி தேவர்க்கும் அசுரர்க்கும் தந்தை ஒருவரே, காசியபர். அதிதியின் மக்கள் தேவர். திதியின் மக்கள் தைத்தியர். தனுவின் மக்கள் தானவர். ஒரு தந்தைக்குப் பிறந்தோர் இருவேறு இனமாதல் எங்ஙனம்? பாற்கடல் கடைந்த கதையைச் சிந்தியுங்கள். வாசுகியின் ஒரு புறம் தேவர், மறு புறம் அசுரர்; உழைப்பு இருவர்க்கும் பொது. அமிழ்தம் எழுந்தபோது பந்தியில் ஒரு சாரார்க்கே பரிமாறப்பட்டது. உருமாறி அப்பந்தியில் அமர்ந்த இராகுவைச் சூரிய சந்திரர் காட்டிக் கொடுக்க, அவன் தலை துண்டிக்கப்பட்டது. சமபந்தி மறுக்கப்பட்ட வரலாற்றை உடைய நமக்கு இக்கதையின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

தமக்குப் புரியாத மொழி பேசுவோரை மனிதக் கணக்கிலிருந்து விலக்குதல் உலகெங்கும் நிகழ்ந்ததே. கி.மு. 400 அளவில் பாரசீக அரண்மனை மருத்துவராக இருந்த கிரேக்கர் தெசியாசு, இந்தியாவைக் காணாமலே இந்தியாவைப் பற்றி எழுதினார். இந்திய மலைகளில் நாய்த்தலை மனிதர் வாழ்வதாகவும், அவர்கள் குரைத்துப் பேசுவதாகவும் கூறினார். அவரே, அம்மக்கள் மலைபடு பொருள்களைக் கொடுத்து ரொட்டியும் துணியும் ஆயுதமும் வாங்கிச் செல்வர் என்றும் எழுதுகிறார். தேனும் கிழங்கும் கொண்டுவந்து பண்டமாற்றுச் செய்யும் மலைவாழ் மக்களின் சாயல் இதில் தெரியவில்லையா? பின்னர் பாடலிபுத்திரத்துக்குத் தூதராக வந்த மெகஸ்தனிசு, கங்கை பிறக்குமிடத்தில் வாயில்லா மனிதர் மணத்தை நுகர்ந்தே உயிர் வாழ்வதாக எழுதினார். கிரேக்கர் பார்வையில் இந்தியரே விந்தை உயிர்கள். வேதப் புலவர் பார்வையில் அவர்தம் பகைவர் விந்தை உயிர்கள். இங்கிலாந்தின் பழங்காப்பியமாகிய பியோவுல்ஃப், அரக்கர் அனைவரும் தம்பியைக் கொன்ற காயீனின் வழித்தோன்றல் என்றது. நம் காலத்தில் புகழ்பெற்ற டோல்கீன் என்னும் ஆங்கிலக் கதையாசிரியர் படைத்த 'ஆர்க்' என்னும் அரக்கர் கூட்டத்தின் தோற்றத்தை விளக்க, 1958இல் எழுதிய ஒரு கடிதத்தில் மங்கோலிய முகச்சாயலையே உவமை காட்டினார். கற்பனை அரக்கனுக்கும் அண்டை மனிதனின் முகமே வேண்டியிருக்கிறது.

இருக்கு வேதத்தில் தசியூக்களைக் குறித்து 'அனாச' என்னும் சொல் ஓரிடத்தில் வருகிறது. மாக்சுமுல்லர் இதனை 'மூக்கற்றவர்' என்று பிரித்தார். சாயனர் 'வாயற்றவர்', அதாவது நற்சொல் அற்றவர் என்று பொருள் கொண்டார். 'சூத்திரர் யார்?' என்னும் நூலில் (1946) அண்ணல் அம்பேத்கர் இதை எடுத்து ஆராய்ந்து, ஒரு சொல்லைப் பிரிக்கும் முறையிலிருந்து ஓர் இனத்தையே படைத்துவிட முடியாது என்று நிறுவினார். தீண்டப்படாதோர் குறித்த 1948ஆம் ஆண்டு நூலில், ஆய்வாளர் தொகுத்த மூக்களவைக் கணக்குகளைக் கொண்டே, பிராமணரும் தீண்டப்படாதோரும் வெவ்வேறு இனத்தினர் அல்லர் என்று காட்டினார். பகைவரின் அளவுகோலை வாங்கிப் பகைவரின் கூற்றையே அளந்து பொய்யாக்கிய பேரறிஞர் அவர்!

கதை சட்டமாவதையும் காண்போம். மனுநூலின் பத்தாம் அத்தியாயம், சண்டாளர் என்போர் விலக்கப்பட்ட கலப்பால் பிறந்தோர் என்று கதை கட்டிற்று. ஊர்ப்புறத்தே வாழ்க, உடைந்த கலத்தில் உண்க, பிணத்தின் துணியை உடுக்க என்று விதித்தது. ஆங்கில அரசு 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொணர்ந்து, பிறப்பினாலேயே சில கூட்டத்தாரைக் குற்றவாளிகள் என்றது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அது சென்னை மாகாணத்தையும் பற்றிக்கொண்டது. இங்கு 1947இலும், நாடெங்கும் 1952இலும் ஒழிந்தது. மனுநூலுக்கும் அச்சட்டத்துக்கும் இடையே பல நூற்றாண்டுகள். எண்ணமோ ஒன்றே: பிறப்பிலேயே குற்றம் காண்பது.

இக்கதைகளை நம் முன்னோடிகள் வாளாவிருந்து கேட்கவில்லை. மராட்டியத்தில் மகாத்மா சோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி'யில் மாவலியை உழவர்தம் நல்லரசனாகக் கண்டார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய பண்டிதர் அயோத்திதாசர், பூர்வ பௌத்தர்க்குப் பகைவர் இட்ட பெயரே நம்மீது ஒட்டிய இழிபெயர் என்றார். தந்தை பெரியார் இராமாயணப் பாத்திரங்களை மேடைதோறும் கேள்விக்குள்ளாக்கினார். புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வெளிவந்து, 1948இல் தடை செய்யப்பட்டு, 1971இல் தடை நீங்கப்பெற்றது. ஒரு காப்பியத்தைக் கண்டு அரசே அஞ்சியது என்றால், அரக்கர் கதை வெறுங்கதை அன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

எனினும், இளைஞர்களே, ஈண்டு ஓர் எச்சரிக்கையும் கூற விரும்புகின்றோம். 'அவர்கள் தேவர் வழி, நாம் அசுரர் வழி' என்று கதையைத் தலைகீழாக்கி மார்தட்டினால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். இராமாயணத்தின்படி இராவணன் புலத்தியரின் பேரன். மறை ஓதிய பிராமணன். அரக்கர் எல்லாரும் ஒடுக்கப்பட்டோர் என்று கொள்ள அக்கதையே இடந்தராது. இரத்தத்தில் இழிவு இல்லை என்பது நம் கொள்கை; இரத்தத்தில் பெருமை உண்டென்று நாமே கூறின், அக்கொள்கையை நாமே தோற்கடித்தவராவோம். அரக்கன் என்பது ஓர் இனம் அன்று. அஃது ஒருவர் மற்றவர்க்கு இட்ட பெயர். ஆதலின், யார் இட்டனர், எப்போது இட்டனர், அதனால் எவருடைய நிலமும் உழைப்பும் உரிமையும் பறிபோயின என்று வினவுங்கள்.

அவ்வினா எழுந்தால் பல உண்மைகள் விளங்கும். சார்க்கண்டு மாநிலத்தில் அசுர் என்னும் பெயருடைய பழங்குடியினர் வாழ்கின்றனர். இரும்பை உருக்கும் தொழிலைப் பரம்பரையாகச் செய்தவர்கள். நாடு துர்க்கை பூசையைக் கொண்டாடும் நாள்களில், மகிடாசுரனைத் தம் முன்னோனாகக் கருதி அவர்கள் துயர் காக்கின்றனர். இலங்கையின் மகாவம்சமோ குவேனி என்னும் இயக்கியின் கதையைக் கூறுகிறது. கரையேறிய விசயனுக்கு வாழ்வளித்தாள். தன் இனத்தாரையே அவனுக்குக் காட்டிக்கொடுத்தாள். மதுரையிலிருந்து பாண்டியன் மகள் வந்ததும் அவள் துரத்தப்பட்டு மாண்டாள்; அவள் மக்கள் மலைநாட்டுக்கு ஓடிப் புளிந்தர் ஆயினர் என்கிறது அந்நூல். மலைவாழ் மக்கள் மலைக்கு ஏன் வந்தனர் என்பதை அதை எழுதியோர் தம்மை அறியாமலே எழுதிவிட்டனர்.

நம் தமிழில் இதற்கு மாறான வழியும் காட்டப்பட்டுள்ளது. பௌத்த காப்பியமாகிய மணிமேகலையில், கலம் கவிழ்ந்து கரையொதுங்கிய சாதுவன், ஆடையின்றி வாழும், நரமாமிசம் உண்ணும் நாகர் கூட்டத்தில் அகப்படுகிறான். அவனைப் பிழைக்க வைத்தது வாளன்று. அவர்கள் மொழியை அவன் அறிந்திருந்ததே. அவர்களோடு பேசினான், தலைவனுக்கு அறம் உரைத்தான், தலைவனும் கேட்டுத் திருந்தினான். மொழி தெரிந்த கணத்தில் அரக்கர் மனிதராகிவிட்டனர். அரக்கனை ஒழிக்கும் வழி அவனைக் கொல்வதன்று, அவனோடு பேசுவதே என்று சீத்தலைச் சாத்தனார் அன்றே உணர்த்திவிட்டார்.

இன்று சட்டம் நம் பக்கம் நிற்கிறது. தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டம், பிறர் காணப் பொதுவிடத்தில் நம்மை இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு பெயருக்குள் எவ்வளவு கொடுமை ஒளிந்திருக்கும் என்பதை அரசும் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால், ஏட்டிலிருந்து எடுத்த சொல்லை நாவிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் எடுக்கச் சட்டத்தால் மட்டும் இயலாது. அது கல்வியின் வேலை.

ஆகவே, இவ்விழாவின் நினைவாக ஒரு பணியை ஏற்குமாறு இளைஞர்களை வேண்டுகின்றோம். தாண்டிக்குடி முதலிய ஊர்களில் பெருங்கற்காலக் கற்பதுக்கைகள் உள்ளன. ஆங்கிலேடு, நியூட்டன் என்னும் இரு பாதிரிமார் இவற்றை ஆராய்ந்து எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. இத்தகைய கல்லறைகளைப் பாண்டவர் வீடென்றும் குள்ளர் வீடென்றும் சொல்வது தமிழகத்துப் பல பகுதிகளின் வழக்கு. அவை குள்ளர் வாழ்ந்த வீடுகள் அல்ல. நம்மைப் போன்ற மனிதர் தம்மவரைப் புதைத்த இடங்கள். கட்டியவர் பெயர் எழுதப்படாமையால் அவர்கள் குள்ளராயினர். எழுதப்படாதவனை மற்றவன் தன் விருப்பம்போல் எழுதுவான் என்பதற்கு அக்கற்களே சாட்சி.

நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் இன்னும் நம்மிடையே உள்ளனர். எந்தத் தோட்டத்தில் உழைத்தனர், எந்தப் பாதையில் சுமை தூக்கினர், எந்தக் கிணற்றில் நீர் மறுக்கப்பட்டனர், எந்தப் பாட்டைப் பாடினர் என்பவற்றை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதுங்கள். பளியர் குடியிருப்புகளுக்கும் செல்லுங்கள். அவர்கள் மொழியில் அவர்கள் கதையைக் கேளுங்கள். நமக்குக் கீழே ஒருவரை வைத்து நாம் உயர முயன்றால், நாமும் ஓர் அரக்கர் கதையைத் தொடங்கி வைத்தவராவோம். எழுதியவற்றைக் கழகத்தின் நூலகத்தில் வையுங்கள். பொன்விழா காணும் தலைமுறை அதைப் படிக்கட்டும்.

 வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்! வளர்க நம் கல்விப் பணி!