பிளக்கில் இருக்கும் எண்

கோடை வந்ததும் பைக்குக்கு வேறு பிளக் மாற்ற வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு.

வண்டி ஓடும்போது ஸ்பார்க் பிளக்கின் முனை சுமார் 500 முதல் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் கரி எரியாமல் படியும். மேலே போனால் பொறி வருமுன்பே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளும், பிஸ்டனே ஓட்டையாகிவிடலாம். முனையைச் சுற்றிய வெள்ளைப் பீங்கான் நீளமாக இருந்தால் சூடு மெதுவாக இறங்கும், அது ஹாட் பிளக். குட்டையாக இருந்தால் கோல்ட் பிளக். கடையில் கவனம் தேவை: என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ச்சி, பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடு!

மார்கழிக்கும் சித்திரைக்கும் நம் ஊர் வெப்பம் பதினைந்து, இருபது டிகிரிதான் மாறும். பிளக்கில் ஒரு படி மாற்றினாலோ முனையின் சூடு சுமார் 70 முதல் 100 டிகிரி மாறிவிடும். ஆகவே கையேட்டில் உள்ள எண்ணே ஆண்டு முழுவதும் போதும்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. கரி அப்பியிருந்தால் முதலில் ஏர் ஃபில்டரையும் கார்புரேட்டரையும் கவனியுங்கள். வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் அன்றே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.