கட்டம் மாறினும் கணக்கு மாறலாகாது
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில், பருவநிலையைக் கணிக்கும் கணிப்பொறிக் கணக்கைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். நாம் கலைப் பட்டம் பெற்ற பள்ளி ஆசிரியரேயன்றி விஞ்ஞானி அல்லோம். எனினும், இக்கணக்கின் அடித்தளம் பள்ளியில் படிக்கும் பின்னமே என்று காட்டவே இப்பொருளைத் தேர்ந்தோம்.

பருவநிலை எவ்வாறு மாறும் என்று ஆராயும் அறிஞர்கள், காற்று மண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெப்பம், ஈரம், காற்றின் வேகம் ஆகியவற்றைக் கணக்கிடுகின்றனர். கடலுக்கும் அவ்வாறே. இவ்விரு கணக்குகளையும் 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சியுகுரோ மனாபே, கிர்க் பிரையன் என்னும் இருவர் இணைத்துக் காட்டினர். ஜப்பானியச் சிற்றூரில் பிறந்த மனாபே, 2021-இல் தமது தொண்ணூறாம் வயதில் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரானார்.

இணைப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. காற்றின் கட்டம் பக்கத்திற்கு 100 கிலோமீட்டர் இருக்கலாம். கடலின் சுழல்கள் சிறியன ஆதலின், அதன் கட்டம் 25 கிலோமீட்டராக இருக்கலாம். மேலும், தீர்க்க ரேகைகள் வடதுருவத்தில் குவிவதால் அங்கே கட்டங்கள் மிகக் குறுகிவிடும். அங்கிருப்பதோ கடல். ஆகவே கடலைக் கணிப்போர் பலர், கோடுகள் குவியும் இடத்தை நிலப்பகுதிக்கு நகர்த்திவிடுகின்றனர். இவ்வாறு இரு வலைகளும் பொருந்தாமற் போகின்றன. வானம் பொழியும் மழையைக் கடலிடம் ஒப்படைப்பது எங்ஙனம்?

மனக்கணக்காகவே பார்ப்போம். கடலின்மேல் 6 சதுர கிலோமீட்டர் கொண்ட ஒரு பட்டை. காற்றுக்கு அதில் மும்மூன்று சதுர கிலோமீட்டராக இரு கட்டங்கள். ஒன்றில் 6 மில்லிமீட்டர் மழை, மற்றதில் 12. கடலுக்கு அதே பட்டையில் இவ்விரண்டு சதுர கிலோமீட்டராக மூன்று கட்டங்கள். நடுக்கட்டம் பாதி இதிலும் பாதி அதிலும் கிடக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து அதற்கு 12 என எழுதினால், பெய்த நீர் 54 பங்கு. கடல் பெற்றதோ 60 பங்கு! ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது 10 லட்சம் லிட்டர். ஆக, பெய்யாத 60 லட்சம் லிட்டர் கணக்கில் ஏறிவிட்டது. பரப்பின் பங்குப்படி 9 என எழுதினால் 12, 18, 24, மொத்தம் 54. துளியும் பிசகவில்லை.

உருண்டையான பூமியின்மேல் விரியும் பலவகை வலைகளுக்கும் ஏற்றவாறு இம்முறையை பிலிப் ஜோன்ஸ் 1999-இல் வகுத்தளித்தார். நூற்றாண்டுகளுக்கான கணிப்பில் இப்பரிமாற்றம் பல்லாயிரம் முறை நிகழும். சிறு பிழையும் ஒரே திசையில் சேர்ந்தால், கடலின் நீரும் உப்பும் வெப்பமும் பொய்க்கணக்காகிவிடும்.

மொத்தம் சரியானால் மட்டும் போதுமா? நான்கு சம கட்டங்களில் மழை 0, 0, 0, 80 என்க. ஒன்றாக்கினால் சராசரி 20. மொத்தம் சரி, ஆனால் 80 பெய்து மூழ்கிய இடம் மறைந்துவிட்டது. அந்த 20-ஐ மீண்டும் நான்கு கட்டங்களுக்கும் எழுதினாலும் அந்த 80 திரும்பி வாராது. பள்ளத்தில் குடியிருப்போர்க்குச் சராசரி மழையால் பயன் என்ன? நம் தெரு எந்தக் கட்டத்தில் உள்ளது, அக்கட்டம் எவ்வளவு பெரிது என்று கேட்கும் அறிவு நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

இளைஞர்களே! பங்கிடும்போது மொத்தம் பிசகலாகாது. கூட்டும்போது சிறியது மறையலாகாது. இவ்விரண்டையும் காப்பதே நேர்மையான கணக்கு. கணக்கைக் கண்டு அஞ்சாதீர்கள். இச்சங்கத்தின் பொன்விழாவில் நம் பிள்ளை ஒருவர் வானிலை அறிஞராக இம்மேடையில் நின்று, இதனை நம்மினும் நன்கு விளக்கிட வேண்டும்.