ரசீது கையில், தாய் ஊரில்

(விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே!

ஊரிலே தாயாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சேதி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? லீவு கேட்கிறோம். கொடுக்காவிட்டால் கூலி போனாலும் போகட்டும் என்று பஸ் ஏறுகிறோம். திரும்பி வந்தால் வேலை இல்லாமல் போகலாம். ஆனால் நாட்டுக்குள்ளேயே காலெடுத்து வைக்காதே என்று நம்மை யாரும் தடுப்பதில்லை.

அப்படித் தடுக்கப்படும் பயத்தோடு வாழ்கிற நம் வர்க்கத்துச் சகோதரர்களைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம்.

இத்தாலியில் ரோம் நகருக்குத் தெற்கே லத்தீனா என்ற ஜில்லா இருக்கிறது. முசோலினி காலத்தில் சதுப்பு நிலத்தை வடித்து விளைநிலமாக்கிய பூமி அது. இன்று அங்கே முள்ளங்கியும் கீரையும் கிவிப் பழமும் பறிக்கிற கைகளில் ஆயிரக்கணக்கானவை பஞ்சாபிலிருந்து போன கைகள். அவர்களை வேலைக்கு ஏற்றிச் செல்ல, நம் பக்கத்துக் கங்காணியைப் போலவே அங்கேயும் ஒருவன் உண்டு.

அந்தத் தொழிலாளி அங்கே இருக்க அனுமதிச் சீட்டு வேண்டும். கெடு முடியும்போது அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க வேலையும் வருமானமும் இருப்பதாகக் காட்ட வேண்டும். அதற்குக் காகிதம் கொடுப்பவன் யார்? பண்ணை முதலாளி! அரை நாள் கூலியைப் பிடித்தாலும் வாய் திறக்க முடியாத காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

தபாலாபீசில் மனுவைக் கட்டினால் ஒரு ரசீது தருகிறார்கள். விரல் ரேகை கொடுக்கப் போலீஸ் தலைமை அலுவலகத்தில் ஆஜராக வேண்டிய நாளையும் குறித்துத் தருகிறார்கள். 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். மாதக்கணக்கில் இழுப்பது வழக்கம். அதுவரை ரசீதை வைத்து வேலை செய்யலாம்.

அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து சேதி வருகிறது. போகலாமா, கூடாதா?

போகலாம். ரசீது, கெடு முடிந்த பழைய சீட்டு, பாஸ்போர்ட் மூன்றும் கையில் இருந்தால் இத்தாலியை விட்டுப் புறப்பட்டு இத்தாலிக்கே திரும்பலாம். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. ஐரோப்பாவில் பல நாடுகள் ஷெங்கன் என்ற ஒப்பந்தத்தில் சேர்ந்து, தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்டன. வெறும் ரசீதோடு போகிறவன் அந்த மற்ற நாடுகள் வழியாகப் போகக்கூடாது. ரோமிலிருந்து நேரே டில்லிக்குப் போகலாம். வளைகுடா வழியாகவும் போகலாம். டிக்கெட் மலிவு என்று ஜெர்மனியில் விமானம் மாறினால் வழியிலேயே மாட்டிக்கொள்வான். இந்த விவரத்தைக் கங்காணி சொல்வதில்லை. டிக்கெட் விற்கிறவனும் எப்போதும் சொல்வதில்லை.

நாளையும் கவனிக்க வேண்டும். விரல் ரேகைக்குக் குறித்த நாள் தவறினால் மனு இன்னும் இழுபடும். தக்க காரணம் காட்டாமல் தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால், பொதுவாகப் புதுப்பிக்கவே மறுக்கலாம். தாயின் படுக்கையருகே உட்கார்ந்திருக்கிறவன் காலண்டரையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்!

இதை மாற்ற முடியாதா? கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியிருக்கிறார்கள். 2012 முதல் சீட்டுக்கு 80 யூரோவிலிருந்து 200 யூரோ வரை தனிக் கட்டணம் பிடுங்கினார்கள். இத்தாலியின் பெரிய தொழிற்சங்க சம்மேளனமான சி.ஜி.ஐ.எல். வழக்குப் போட்டது. 2015 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தக் கட்டணம் அளவுக்கு மீறியது என்று தீர்ப்பளித்தது. 2017-ல் அது பாதியாகக் குறைந்தது. அதே சங்கத்தின் உதவி நிலையங்களில் மனு எழுதவும் கை கொடுக்கிறார்கள்.

2016 ஏப்ரல் 18-ல் லத்தீனாவில் பஞ்சாபித் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தார்கள். சீட்டுக்குப் பயந்து வாய் மூடியிருந்தவர்கள் சங்கத்தின் கொடியோடு வந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த சட்டம், கங்காணியோடு அவனை ஏவும் முதலாளியையும் தண்டிக்க வழி செய்தது.

ஆனால் சட்டம் வந்ததும் விடிந்துவிடவில்லை. 2024 ஜூனில் அதே ஜில்லாவில், சீட்டே இல்லாத ஒரு பஞ்சாபித் தொழிலாளியின் கை இயந்திரத்தில் அறுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் அவரை வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு நாளில் அவர் இறந்தார். சீட்டில்லாத மனிதன் முதலாளிக்கு என்ன என்பதை அந்த வாசல் சொல்கிறது.

தோழர்களே! விளைச்சல் கப்பலேறி எல்லை தாண்டுகிறது. பணம் ஒரு நொடியில் தாண்டுகிறது. விளைவித்தவன் தாயைப் பார்த்துத் திரும்ப மட்டும் ரசீதைக் காட்டி நிற்க வேண்டும். மனுவுக்குக் கெடுவுக்குள் முடிவு சொல், முடிவு வரும்வரை தடையில்லாமல் போய்வர விடு என்று அவர்கள் கேட்பதில் என்ன தப்பு?

நம் வீட்டுப் பிள்ளைகளும் கடல் கடந்து வேலைக்குப் போகிறார்கள். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஆகவே அவர்களுக்கு எழுதும்போது இதையும் எழுதுங்கள்: கெடு முடியும் முன்பே மனுப் போடு, டிக்கெட் வாங்கும் முன் சங்கத்திடம் கேள். கங்காணியிடம் கேட்காதே!